கடுக்காய் பிடித்துக்கொண்ட மருந்து

அந்த மாத்திரை போலி என்று நிரூபிப்பதற்காகத்தான் அதைக் கல்வத்தில் போட்டுப் பொடித்தேன்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் பின்கட்டில் எனக்கென்று ஒரு சின்ன அறை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு கிடைத்த வேலை. தோல் ஊறும் பட்டைச் சாற்றில், தோலைப் பதப்படுத்துகிற துவர்ப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஜெலட்டின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். துவர்ப்பு இருந்தால் கரைசல் திரண்டு கட்டியாகும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதையே செய்கிறவனுக்கு வேறு எதையாவது பொடித்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுப்பது இயற்கை.

பொடியில் பாதியை அமிலத்தில் போட்டேன். பொங்கினால் சுண்ணாம்புக்கல். பொங்கவில்லை. மீதியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர்மேல் தூவினேன். அது தண்ணீரைத் தொடவே விரும்பாதது போல மேலேயே கிடந்தது. கலக்கினால் உருண்டை உருண்டையாகத் திரண்டு மறுபடி மேலே வந்தது. அரைமணி நேரம் கலக்கியும் அதே கதைதான். இது எப்படி ஒருத்தர் வயிற்றுக்குள் கரைந்து அவர் உடம்புத் தோலுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த ஜெலட்டின் கரைசலை எடுத்து டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்றால், கைக்கு எட்டியது.

பொடி நனைந்தது. உருண்டைகள் கலைந்து டம்ளர் முழுவதும் மோர் மாதிரி வெளுத்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அப்போதும் தெளியவில்லை.

மருந்து தானாகப் போகாது, ஒன்று சுமந்துகொண்டு போனால் போகும். அந்த எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான்.

மாத்திரைமேல் எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்த அடுத்த பொங்கலில் எங்கள் ஷாப்பில் படை என்கிற தோல் நோய் பரவியிருந்தது. சுண்ணாம்புக் குழியிலும் ஊறல் தொட்டியிலும் இடுப்பளவு ஈரத்தில் நிற்கிறவர்களுக்கு வட்டவட்டமாகத் தோல் சிவந்து அரிக்கும். சனிக்கிழமை தோறும் வருகிற டாக்டர் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொண்டுவந்தார். அதன் பெயர் யார் நாக்கிலும் புரளவில்லை. படை மாத்திரை என்றே சொன்னோம். ரொம்ப முற்றியிருந்த இரண்டு பேருக்குத்தான் முதலில் கொடுத்தார். ஒருவர் எங்கள் மேஸ்திரி. மேல்விஷாரத்துக்காரர், ஆம்பூரில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். இன்னொருவர் தோலின் உட்புறத்துச் சதையைக் கத்தியால் சீவுகிற தொழிலாளி. மாதனூரிலிருந்து சைக்கிளில் வருவார்.

ஆறு வாரத்தில் மேஸ்திரிக்குப் போயே போய்விட்டது. மாதனூர்க்காரருக்கு இடுப்பில் இருந்தது முதுகுக்கு ஏறியது.

முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பக்ரீத் முடிந்ததும் தோல் மலைபோல் வந்து இறங்கும். அப்போது முப்பது பேர் ஒரே தொட்டியில் நிற்க வேண்டும், படை உள்ளவனோடு யாரும் நிற்க மாட்டார்கள். அதற்குள் ஆறவில்லையென்றால் மாதனூர்க்காரர் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும். சீவுகிற கத்தியைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத மனிதர் அவர்.

மேஸ்திரிக்கு வேறு கணக்கு இருந்தது. ஒருநாள் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“தம்பி, அவன் மாத்திரைய துன்றதே இல்ல. விக்கிறான்.”

“யார்கிட்ட பாய்?”

“ஞாயித்துக்கெழமையானா ஜோலார்பேட்டை ஓட்றான். அங்க அவன் மச்சான் ரயில்வேல கீறான். ரயில் ஏத்திட்டா எந்த ஊர் மருந்துக் கடைக்குப் போவுதுன்னு உனக்கு இன்னா தெரியும், எனக்கு இன்னா தெரியும்? ஒரே டப்பா மாத்திரை. எனக்குப் போச்சு. அவனுக்கு மட்டும் ஏன் போவலே?”

பதில் இல்லாத இடத்தில் சந்தேகம் சுலபமாகக் குடியேறிவிடுகிறது. அன்றிலிருந்து மாதனூர்க்காரர் மதியச் சாப்பாடு முடித்து என் அறைக்கு வந்து என் எதிரில்தான் மாத்திரை விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்வேன். நாக்கைத் தூக்கச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒன்று பொட்டலம் கட்டிக் கொடுப்பேன்.

“மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறீங்க சார்” என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

என் கண்முன்னால் விழுங்கியும் பத்து நாளில் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகுதான் என் சந்தேகம் ஆளைவிட்டு மாத்திரைக்குத் தாவியது. அதன் பிறகுதான் கல்வம், அமிலம், டம்ளர் எல்லாம்.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் வந்ததும் டம்ளரைக் காட்டினேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நான் கொடுத்த மாத்திரைய எதுக்குப்பா பொடிச்சே?”

“போலியோன்னு நினைச்சேன் சார்.”

“போலின்னா, போலிய நான் கொண்டுவந்தேன்னு அர்த்தம்.”

ஆனால் அவர் கோபத்தைவிட ஆர்வம் ஜாஸ்தி உள்ளவர். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மருந்து தண்ணீரில் கரையாது என்பது தெரிந்த சங்கதிதான் என்றார். குடலில் போகிற வழியில் உடம்பு எவ்வளவு பிடித்துக்கொள்கிறதோ அவ்வளவுதான் லாபம். மிச்சம் வெளியே போய்விடும்.

“ஜெலட்டின்ல போட்டா நனையுது சார். அதைக் காயவெச்சுத் தூளாக்கிக் கொடுத்தா வயித்துலயும் இதே மாதிரி கலையாதா?”

“உன் ஷாப் ஜெலட்டின் ஒரு துளிகூட யார் வாய்க்கும் போகக் கூடாது. சாப்பிடற ஜெலட்டின் நான் தர்றேன். முதல்ல மருந்தில்லாம நீ சாப்பிடு. ஒரு வாரம் உனக்கு ஒண்ணும் ஆகலேன்னா அப்புறம் பேசலாம்.”

ஒரு வாரம் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, பசிதான் எடுத்தது. பிறகு வேலை ஆரம்பமானது. ஜெலட்டினை ஊறவைத்து இளஞ்சூட்டில் உருக்கி, ஒரு நாளைக்கான மாத்திரையை நைசாகப் பொடித்து அதில் குழைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக ஊற்றி நிழலில் உலர்த்துவேன். அப்பளம்போல் உரிந்து வரும். அதைத் தூளாக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால், முதலில் உப்பி, பிறகு மெல்ல வெள்ளைப் புகை மாதிரி பிரியும். அந்தப் புகையை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கம்.

மாதனூர்க்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற பொருள் இது என்று சொன்னேன். அவர் தூளை முகர்ந்து பார்த்தார்.

“இருவது வருசமா தோலு என்னைத் துன்னுது. நான் கொஞ்சம் துன்னா இன்னா?”

அருகில் நின்ற மேஸ்திரிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “எந்த மாடு, யார் அறுத்தது, ஒண்ணும் தெரியாது. எனக்கு முன்னாடியே போச்சு, அல்லா காப்பாத்தினாரு” என்று இரண்டடி தள்ளி நின்றார்.

மூன்று வாரம் கொடுத்தோம். முதுகில் இருந்தது தோளைத் தொட்டது.

அந்த மூன்றாவது வாரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பிடிக்கவில்லை. டம்ளரில் வேலை செய்கிறது. ஆளிடம் வேலை செய்யவில்லை. அப்படியானால் ஆள்தான் ஏமாற்றுகிறார். எனக்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை. என் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் திருடனாக இருக்க வேண்டும். மேஸ்திரி சொன்னதை நான் மனசுக்குள் நம்ப ஆரம்பித்தேன்; நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

மேஸ்திரியே வழியும் காட்டினார். “அந்த பாட்டிலைப் பாத்தியா தம்பி? வாயத் தொறந்து காட்டிட்டு வெளிய போய் ஒரு வாய் குடிக்கிறான். குடிக்கிறானா, துப்புறானா? கன்னத்துல ஒதுக்கி வெச்சிருப்பான். பாட்டில்ல துப்பிட்டு வூட்டுக்குக் கொண்டுபோய்டுவான்.”

அந்த பாட்டிலை நானும் பார்த்திருந்தேன். பழுப்புத் தண்ணீர். டீ என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவர் தூளை விழுங்கி, வாயைக் காட்டி, வாசலுக்குப் போய் பாட்டில் மூடியைத் திறந்தார். மேஸ்திரி பின்னாலிருந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் பாட்டிலை வாங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“இன்னா சார் இது?” என்றார் மாதனூர்க்காரர். குரல் ஏறவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பாட்டிலை ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் கவிழ்த்தேன். அடியில் வெள்ளைப் பொடி இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஒன்றும் இல்லை. தெளிந்த பழுப்பு நீர். முகர்ந்தேன். அந்த வாசனை எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? தோல் பதனிட எங்கள் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிற சரக்கு.

“கடுக்காயா?”

“ஆமா சார். வயித்துக்கு நல்லது. மருந்து துன்னதும் ஒரு வாய் குடிச்சா உள்ள இருக்குற அழுக்கெல்லாம் போய்டும். மாத்திரை குடுத்த நாள்லேர்ந்து குடிக்கிறேன்.”

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. மேஜைமேல் மறுநாளைக்கு வைத்திருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தேன். வெள்ளைப் புகை பிரிந்தது. அதில் குடுவையிலிருந்து ஒரு கரண்டி கடுக்காய்த் தண்ணீரை ஊற்றினேன்.

திரண்டது. கண்மூடித் திறப்பதற்குள் புகையெல்லாம் சுருண்டு பழுப்புக் கட்டியாக அடியில் உட்கார்ந்தது. கண்ணாடிக் குச்சியால் எடுத்தால் ரப்பர்போல இழுபட்டது. விரலால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கியது, கலையவில்லை. மருந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. தினம் பத்துத் தடவை இதைச் செய்து நோட்டில் எழுதுகிறவன் நான். துவர்ப்பு ஜெலட்டினைப் பிடிக்கும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். மூன்று வாரமாக ஒரு மனிதரின் வயிற்றுக்குள் நான் தோல் பதனிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேஸ்திரி கட்டியை எட்டிப் பார்த்தார். தோல்காரர் அல்லவா, அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “சரியான பதம்” என்றார் மெதுவாக.

வயிற்றிலும் இப்படியேதான் ஆகியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. வயிறு டம்ளர் இல்லை. ஆனால் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஜெலட்டின் மூன்று வாரம்தான். அதற்கு முன்னால் வெறும் மாத்திரையை அத்தனை வாரம் சாப்பிட்டாரே, அது ஏன் பலிக்கவில்லை?

“கடுக்காய் தவிர வேற என்ன செய்றீங்கண்ணே?” அதுவரை நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

“வேற இன்னா? பத்தியம்தான்.”

“என்ன பத்தியம்?”

“படைக்கு மருந்து துன்னா இருக்குற பத்தியம் சார். கத்திரிக்கா கெடையாது, கருவாடு கெடையாது, கறி கெடையாது. எண்ணெய் ஒரு சொட்டு கெடையாது. பொங்கல்லேர்ந்து எங்க வூட்ல தாளிப்பே இல்ல. நான் துன்னாததை நாங்க ஏன் துன்னணும்னு எம் பொஞ்சாதியும் வுட்டுட்டா. கூழு, உப்பு, வேவவெச்ச கீரை. நீங்க குடுக்குற மருந்துக்கு நான் துரோகம் பண்ணலே.”

மேஸ்திரி கேட்டார்: “அப்போ ஞாயித்துக்கெழமை ஜோலார்பேட்டைக்கு எதுக்குடா போறே?”

“பொண்ணு அங்க மச்சான் வூட்ல இருந்து படிக்குது பாய். தெரு முனையில நின்னு பாத்துட்டு வந்துடுவேன். கிட்ட போனா ஒட்டிக்கும்ல.”

சனிக்கிழமை வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டரிடம் கடுக்காயைச் சொன்னேன், பத்தியத்தைச் சொன்னேன். பத்தியம் என்றதும் அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“எண்ணெயே இல்லாமலா?”

“ஒரு சொட்டுகூட இல்ல சார்.”

“கரையாத மருந்து தண்ணியில போகாதே தவிர, கொழுப்போட சாப்பிட்டா உடம்பு நல்லாவே எடுத்துக்கும்னு இப்போ சொல்றாங்க. நான் சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுங்கன்னு சொன்னேன். என்ன சாப்பாடுன்னு கேக்கலே.” அவர் என்னோடு வந்திருந்த மேஸ்திரி பக்கம் திரும்பினார். “நீங்க எப்போ சாப்பிட்டீங்க?”

“நோன்பு மாசமாச்சே டாக்டர் சாப். பகல்ல எப்படித் துன்றது? நோன்பு தொறந்து, கறியும் கஞ்சியும் சாப்ட்டு, ராத்திரி மாத்திரை.”

“கறின்னா?”

“கொழுப்போட வாங்கினாத்தான் எங்க வூட்ல அடுப்பே ஏத்துவாங்க.”

மேஸ்திரி தன் மாத்திரையை வீட்டில், யார் கண்ணிலும் படாமல் விழுங்கியிருக்கிறார். அவரை ஒருநாளும் நான் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. அவருக்கு ஆறிவிட்டது, அதனால் அவர் யோக்கியர். இவருக்கு ஆறவில்லை, அதனால் நாக்குக்கு அடியிலெல்லாம் தேடினேன். எந்த மருந்தைச் சோதிப்பதற்கு முன்பும் எந்த ஆளை நம்புவது என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம் போலிருக்கிறது. அதை எந்த நோட்டில் எழுதுவது என்று தெரியவில்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். மாத்திரை விற்கப்படவில்லை, தப்பு சாப்பாட்டில், பாதி தப்பு என் ஜெலட்டினில். அவர் காகிதத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: “நீ சோதனை பண்ணது யாருக்கு, அவனுக்கா உனக்கா?” நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, “பக்ரீத்துக்கு இன்னும் நாலு வாரம் கீது. தேதியை மாத்த முடியாது” என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஆக, நாலு வாரம். எனக்குள் இருக்கிற அவசரக்காரன் ஒரு யோசனை சொன்னான்: பத்தியம் அப்படியே இருக்கட்டும், கடுக்காயை மட்டும் நிறுத்திவிட்டு ஜெலட்டின் தூளைக் கொடு, பலித்தால் உன் ஜெலட்டின்தான் காரணம் என்று சுத்தமாகத் தெரிந்துவிடும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. பலிக்காவிட்டால் வேலை போவது எனக்கல்ல. டாக்டரிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. டாக்டர் சொன்னபடி இந்த நாலு வாரமும் வெறும் மாத்திரை, வயிறு நிறையக் கொழுப்புச் சேர்ந்த சாப்பாடு, கடுக்காய்க்கு விடுமுறை.

இதற்கு அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடு. படைக்கு மருந்து சாப்பிடுகிறவனை எண்ணெய் ஊற்றிச் சாப்பிடச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகப்படுவது இப்போது அவருடைய முறை.

“பக்ரீத்துக்குள்ள என்னை அனுப்பிடணும்னு யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா சார்?”

இல்லை என்று சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் மதியம் மேஸ்திரி அடுக்கு டிபன் கேரியர் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். ஆட்டுக்கறிக் குழம்பு, மேலே விரல் கனத்துக்கு நெய் மிதந்தது.

“துன்னு.”

“நீங்க முதல்ல ஒரு வாய் துன்னுங்க பாய்” என்றார் மாதனூர்க்காரர்.

மேஸ்திரி முறைத்தார். பிறகு உட்கார்ந்து ஒரு வாய் என்ன, நாலு வாய் சாப்பிட்டார். இவர் அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கை வைத்தார். நான் மாத்திரையை நீட்டினேன். விழுங்கிவிட்டு வழக்கம்போல வாயைத் திறந்தார்.

“வேணாம்ணே” என்றேன்.

“இல்ல, பாத்துக்குங்க. அப்புறம் கேக்கக் கூடாது” என்று நாக்கையும் தூக்கிக் காட்டினார்.

இதை எழுதும்போது ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. அரிப்பு குறைந்ததாக அவர் சொல்கிறார். முதுகில் ஓரம் மங்கினாற்போல் எனக்கும் தெரிகிறது. ஆனால் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிற கண்ணை நான் இனி நம்புவதாக இல்லை. ஒரு வட்டத்தைச் சுற்றி டாக்டர் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை அவர்தான் சனிக்கிழமை பார்த்துச் சொல்ல வேண்டும்.

டம்ளர் வேலையை நான் விடவில்லை. நெய்யும் கறியும் எல்லோருக்கும் தினம் கிடைக்கிற பண்டமா? மேஸ்திரி வீட்டு அடுப்பு எத்தனை பேருக்கு எரியும்? சுமந்து போகிற ஒன்று வேண்டும், கடுக்காய்க்கும் டீக்கும் மசியாத ஒன்று. கருவேலம் பிசினைத் தூளாக்கி வைத்திருக்கிறேன். டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: உலக யுத்தத்தில் ரத்தம் கிடைக்காத இடத்தில் நரம்பில் ஏற்றுவதற்காகச் செயற்கையாகச் செய்த ஒரு பிசின், தண்ணீரில் சர்க்கரைபோல் கரையுமாம். மதராஸில் தெரிந்தவர் மூலம் ஒரு சின்னப் பொட்டலம் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மூன்று டம்ளர் வைக்கப்போகிறேன்: ஜெலட்டின், கருவேலம் பிசின், யுத்தப் பிசின். மருந்துப் பொடியை அப்புறம்தான் தொடுவேன். முதலில் மூன்றிலும் கடுக்காய்த் தண்ணீர். மாதனூர்க்காரர் தன் பழைய பாட்டிலிலேயே அதைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூடவே நின்று பார்ப்பாராம். நான் எதை ஊற்றுகிறேன் என்பதில் அவருக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. எனக்கும் அதுதான் நல்லது.